மெட்டில்டாவின் சுத்தபோசனம்

கடலிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், திரும்பின பக்கமெல்லாம் பஞ்சாலைப் புகைபோக்கியும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஒரு கொங்கு நாட்டு ஊரில், பவளமல்லி அபார்ட்மெண்ட்ஸ் என்று பெயர் வைத்துவிட்டு வாசலில் பேருக்கு ஒரு பவளமல்லிச் செடிகூட வைக்காத நாலு மாடிக் கட்டடத்தில், தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மெட்டில்டா மீனையும் உருளைக்கிழங்கையும் குக்கரில் வைத்து மூடி வெயிட்டைப் போட்டாள். அந்த மூடி அதற்கப்புறம் பல வாரங்களுக்குத் திறக்கவில்லை. அந்த வாரங்களில் அந்தக் கட்டடம் பட்ட பாடுதான் இந்தக் கதை.

மீனைப் போய் யாராவது குக்கரில் வைப்பார்களா என்று கேட்பீர்கள். வைக்கமாட்டார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த பெண்பிள்ளை எவளும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டாள். மீன் என்றால் மண்சட்டி, அகலமான வாய், கரண்டி போட்டுக் கிண்டாமல் துணியால் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்குகிற பக்குவம். குக்கரில் வைத்தால் சதை கரைந்து முள் வேறு சாறு வேறாகப் போய்விடும் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மெட்டில்டாவின் அம்மா உயிரோடிருந்து இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்திருப்பாள். ஆனால் மண்சட்டி வாயைத் திறந்துகொண்டே இருக்கிற பாத்திரம், ஊரைக் கூட்டிவிடும். குக்கருக்கு ரப்பர் உண்டு, பூட்டு உண்டு. வாசனை வெளியே போகக்கூடாது என்பதுதான் மெட்டில்டாவுக்கு முக்கியம், ஏனென்றால் வாசனை வெளியே போனால் அவளும் வெளியே போகவேண்டும்.

அந்த வீடு அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு அந்த ஊருக்கு வந்தவள் அவள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கட்டாதவள், ஏன் கட்டவில்லை என்று அவள் சொன்னதும் இல்லை, கேட்க நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அந்த உரிமை இருந்தது. தனியாகவா இருப்பீங்க என்று கேட்டார்கள், கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு ஓகோ என்றார்கள், எந்த ஊர் என்று விசாரித்துத் தூத்துக்குடி என்று தெரிந்ததும், அப்போ மீனெல்லாம் என்று இழுத்தார்கள், அந்த இழுப்பிலேயே கதவும் சாத்திக்கொண்டது. தெருத்தெருவாக நடந்து, மாடி மாடியாக ஏறி இறங்கி, ஹாஸ்டல் கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, போதும் இந்த நாய்ப்பிழைப்பு என்று மெட்டில்டா ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த தடவை புரோக்கர் கேட்டபோது மீன் சாப்பிடமாட்டேன் என்றாள். வீட்டுக்காரர் கேட்டபோது, ஐயோ எனக்கு அந்த வாடையே ஆகாது என்றாள். கடைசியாக அபார்ட்மெண்ட் செக்ரட்டரி தண்டபாணி, பஞ்சாலையில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட வேலைக்கு ஆள் எடுக்கிற தோரணையில் கேட்கிறவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"நீங்க மீன் சாப்புடுவீங்களா?"

பிறந்ததிலிருந்து தொட்டதில்லை என்று சொல்லிவிட்டாள். மூன்று தரம் ஆயிற்று. மூன்றாவது தரம் சொல்லி வாயை மூடும்போதுதான் அவளுக்கு ஏசுவின் சீடர் பேதுருவான ராயப்பர் ஞாபகம் வந்தது. அவரும் மீன்காரர்தான், அவரும் இப்படித்தான் அடுத்தவர் வாசலில் குளிர் காய்ந்துகொண்டே ஏசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார். அவருக்காவது ஒரு சேவல் கூவிச் சொல்லிக்காட்டியது. பவளமல்லி அபார்ட்மெண்ட்ஸில் சேவல் வளர்க்கவும் அனுமதி இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறிப்போனாள்.

நல்ல வீடு. காற்று வரும், தண்ணீர் வரும், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அந்த நல்ல வீட்டில் அவள் கத்தரிக்காயும் கீரையும் தின்று மாதங்களை ஓட்டினாள். பிறகு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் வந்தது. அங்கேதான் சிக்கல். தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் அவள் ஆட்கள் கறி தொடமாட்டார்கள். ஆடும் கோழியும் வீட்டுப் பக்கம் வராது. அதற்குச் சுத்தபோசனம் என்று பேர். அன்றைக்கு மாடி வீட்டிலும் ஓலை வீட்டிலும் ஒரே சாப்பாடுதான், மீன். அவர்கள் கணக்கில் மீன் கறியே இல்லை. கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடித்து வந்து, ஆடம்பரமில்லாத ஒரு துண்டு மீனும், வயிறு நிரம்ப ரெண்டு உருளைக்கிழங்கும் சேர்த்து வைத்த குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவதுதான் அவர்களுக்கு விரதம். பவளமல்லிக்காரர்களுக்கு எது தீட்டோ அது மெட்டில்டாவுக்கு நோன்பு. மற்ற நாளெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு இருந்துவிடலாம், நோன்பு நாளில் சாமிக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது என்று அவளுக்கு மனசு அரித்தது. நாக்கும் அரித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆக அந்த வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்ததும் பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், பாறை மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வாங்கி, ஐஸோடு இரண்டு பையில் கட்டி, அதன்மேல் முருங்கைக்கீரையைப் பரப்பி, மாடிப்படியில் எதிர்ப்பட்ட தண்டபாணிக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டு வந்து சேர்ந்தாள். சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். இடுக்கில் பழைய புடவையைத் திணித்தாள். சின்ன வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டு, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, அரைத்த தேங்காயை விட்டு, உருளைக்கிழங்கைப் பெரிசு பெரிசாக நறுக்கி அடியில் போட்டு, அதன்மேல் மீனைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிடத்தி, சிலுவை அடையாளம் போட்டு மூடினாள். ஒரே விசில், உடனே அணைக்கவேண்டும், அப்போதாவது மீன் மீனாக இருக்கும் என்பது அவள் கணக்கு. ஒரு விசில் வந்தது. அணைத்தாள். அணைத்த அடுப்பின்மேல் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. மெட்டில்டா பார்த்துக்கொண்டே நிற்க, சாவதானமாக மூன்றாவது விசிலும் அடித்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

ஆவி அடங்கட்டும் என்று உட்கார்ந்தாள். அடங்கவில்லை. குழாயடியில் வைத்துப் பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டாள்; தண்ணீர்தான் சுள்ளென்று ஆவியாகப் போனது. வெயிட்டைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள், கரண்டி வளைந்தது. உள்ளே குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் தூங்குகிறவன் குறட்டை மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் தொட்டுப் பார்த்தால் குக்கர் அதே சூட்டில் இருந்தது, அடுப்பு ஜில்லென்று கிடந்தது. ஒன்று மட்டும் அவளுக்குத் திருப்தி: மூக்கை ரப்பர் மேலேயே வைத்து மோந்து பார்த்தாலும் துளி மீன் வாசனை இல்லை.

வாசனை வேறு இடத்துக்குப் போயிருந்தது. முதல்நாள் சாயங்காலமே, தண்டபாணியின் மனைவி சுலோசனா பூஜை அறையில் விளக்கேற்றக் குச்சியை உரசியபோது சாமி படத்துக்குப் பின்னாலிருந்து குப்பென்று வந்தது மீன் குழம்பு வாசனை. கருவாட்டு வீச்சமோ கழுவின தண்ணீர் வாடையோ இல்லை, சின்ன வெங்காயம் வதங்கி, புளி கொதித்து, தேங்காய் சேர்ந்து, அதில் பாறைமீன் துண்டும் உருளைக்கிழங்கும் பதமாக வெந்த வாசனை. மேல்வீட்டில் தயிர்ச் சட்டியைத் திறந்தால் அதே வாசனை, அதற்கும் மேல்வீட்டில் பட்டுப்புடவை மடிப்பில் அதே வாசனை, கீழ்வீட்டில் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில், மாத்திரை டப்பாவில், தலையணை உறையில், புதுசாகப் பெயின்ட் அடித்த சுவரில், எங்கே மூக்கை வைத்தாலும் அதே உருளைக்கிழங்கு போட்ட மீன் குழம்பு வாசனை. பவளமல்லியில் எந்த வீடும் தப்பவில்லை, மெட்டில்டா வீடு ஒன்றைத் தவிர.

வேறு ஊராக இருந்தால் ஒருவரையொருவர் கூப்பிட்டு, உங்க வீட்டிலுமா என்று கேட்டு, சாயங்காலத்துக்குள் பேசித் தீர்த்திருப்பார்கள். பவளமல்லியில் ஒரு வீட்டுக்காரரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வீடும் அது தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்தது. சுலோசனா தண்டபாணியைச் சந்தேகப்பட்டாள், வாக்கிங் போகிறேன் என்று போய் எங்கேயாவது மிலிட்டரி ஓட்டலில் நுழைந்துவிட்டு வருகிறாரோ என்று. தண்டபாணி உண்மையிலேயே மாதம் ஒருமுறை அப்படி நுழைகிறவர் என்பதால் தேவைக்கு மேலே சத்தியம் பண்ணினார். மேல்வீட்டில் மாமியார் மருமகளைப் பார்த்தாள், அதற்கும் மேல்வீட்டில் மருமகள் மாமியாரைப் பார்த்தாள். படியில் எதிர்ப்பட்டால் எல்லாரும் சிரித்தார்கள், ரொம்ப நேரம் நின்று பேசாமல் நகர்ந்தார்கள். சாம்பிராணி விற்பனை எகிறியது. எலுமிச்சம்பழத்தை அறுத்து மூலைமூலைக்கு வைத்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், சாக்கடைக்குப் பினாயில் ஊற்றினார்கள், ஒரு வீட்டில் ஹோமம்கூட நடந்தது. ஹோமப் புகையும் மீன் குழம்பாகத்தான் மணத்தது. புரோகிதர் ஒன்றும் சொல்லாமல் தட்சிணையை வாங்கிக்கொண்டு போனார்.

மனுசனுக்குப் பழகாதது எது? கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பழகினதோடு நிற்கவும் இல்லை. கீரையைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றார்கள். மிச்சம் விழுந்த சாம்பார் என்று எந்த வீட்டிலும் இல்லாமல் போயிற்று. வெறும் ரசஞ்சோற்றை அந்த வாசனையோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதற்காக மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விருந்தாளி வருகிறார்கள் என்றால்தான் பிரச்சினை. பெண் பார்க்க வருகிறார்கள், சொந்தக்காரர் வருகிறார்கள், வருகிற இடத்தில் இந்த மணம் வந்தால் மானம் போகும். அந்தச் சமயத்தில்தான் தண்டபாணி, வாடகைதாரர்கள் வீட்டை ஒரு நடை பார்த்து வருகிறேன் என்று மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு கிளம்பி, மெட்டில்டா வீட்டுக்குள் காலை வைத்தார்.

மெட்டில்டா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். சமையலறை மேடையில் குக்கர் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்டபாணி நடுக்கூடத்தில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், விட்டார், அவர் முகம் தண்ணீர் குடித்த மாதிரி தெளிந்தது. இந்தக் கட்டடத்திலேயே மூச்சு விட முடிகிற வீடு இது ஒன்றுதானுங்க அம்மிணி என்றார். சொன்னது தண்டபாணி என்பதால் அது சட்டமாகிவிட்டது. அன்று முதல் பவளமல்லி முழுக்க மெட்டில்டா வீட்டுக்கு மூச்சு விட வந்தது. சுலோசனா வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையை அங்கே மாற்றினாள். மேல்வீட்டுப் பெண்ணைப் பெண்பார்க்க வந்தவர்களை அங்கே உட்காரவைத்துக் கேசரி கொடுத்தார்கள். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வந்தார்கள். சங்கத்துக் கூட்டமும் அங்கேயே என்று ஆயிற்று. பிரசாதத்துப் பொங்கலைக்கூட அவள் அடுப்பில்தான் வைத்தார்கள். வைக்கும்போது குக்கரைத் தள்ளி வைத்த சுலோசனா, இதுலெ என்னங்க வேகுது என்று கேட்டாள். உருளைக்கிழங்கு என்றாள் மெட்டில்டா. இத்தனை நாளாவா என்று கேட்க சுலோசனாவுக்குத் தோன்றவில்லை. மற்றவர் வீட்டுக் குக்கரில் அவள் ஏன் தலையிடப்போகிறாள்?

இப்படியாக, மூன்று பொய் சொல்லி உள்ளே வந்தவளுக்கு அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான வீட்டுக்காரி என்ற பட்டம் கிடைத்தது. வருகிறவர்கள் குங்குமச் சிமிழை நீட்டினார்கள், வெற்றிலை பாக்கு வைத்தார்கள். புதிதாக வாடகைக்கு வருகிறவர்களிடம் தண்டபாணி, இரண்டாவது மாடி அம்மிணியைப் பாருங்க, வேற மதம், ஆனா என்ன ஒழுக்கம் என்றார். வீட்டுக்காரர் போன் போட்டு, நீங்க எத்தனை வருசம் வேணும்னாலும் இருங்க என்றார். மெட்டில்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆட்கள் போனபிறகு குக்கர் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏ மூதேவி, தொறந்து தொலையேன், நான் ஒரு வாய் தின்னுட்டுப் போறேன் என்று கெஞ்சுவாள். அது திறக்காது. அதன் சூட்டில் குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டாள், யூனிபார்மை உலர்த்திக்கொண்டாள். ஊர் முழுக்க அவள் குழம்பை மோந்து சாப்பிட, அவள் மட்டும் வாசனைகூடக் கிடைக்காமல் பட்டினி கிடந்தாள்.

எதிர்வீட்டில் கோமளவல்லி இருந்தாள். மெட்டில்டாவைப் போலவே வாடகைக் குடித்தனம். புருசனுக்கு லாரி ஆபீசில் வேலை, வாரத்தில் பாதி நாள் வெளியூர். மாமனார் சென்னியப்பன் பெண்சாதி போனதிலிருந்து சாப்பாட்டை வெறுத்து, ரெண்டு வாய் மோரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். எலும்பும் தோலுமாக ஆகிப்போனவரை என்ன செய்வது என்று தெரியாமல் கோமளவல்லி சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள் வாசனை வந்த அன்றைக்குக் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். சோறு போடு என்றார். தயிர்ச் சோற்றை அந்த வாசனையோடு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார், மறுசோறு கேட்டார். நாளாக ஆகக் கன்னத்தில் சதை வைத்தது, தடியை ஊன்றிப் பால்கனிக்கு வந்தார். கோமளவல்லிக்கு மீன் வாடை ஜென்மத்துக்கும் ஆகாது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் சமைத்தாள், ஆனாலும் அது போய்விடக்கூடாதே என்றுதான் பயந்தாள். மற்ற வீடுகளில் சாம்பிராணி புகைந்தபோது அவள் வீட்டில் புகையவில்லை.

கிழவருக்கு ஒளிக்கத் தெரியாது. நொய்யல் ஆற்றில் தண்ணீர் தண்ணீராக ஓடின காலத்தில் கெளுத்தி பிடித்துச் சுட்டுத் தின்றவர் அவர். ஒருநாள் காலையில் பால்கனியில் நின்று, கீழே வண்டி துடைத்துக்கொண்டிருந்த தண்டபாணியைப் பார்த்து, கட்டடமே கேட்கிற குரலில் சொன்னார்.

"செக்ரட்டரி, எங்கூட்டுல மீன் வாசம் சும்மா கும்முனு இருக்குதுங்க. ஒருக்கா வந்து மோந்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். கட்டடம் முழுக்க மூச்சை விட்டது. ஆகா, அங்கிருந்துதானா வருகிறது என்று ஒவ்வொரு வீடும் தன் வீட்டு வாசனைக்கு ஒரு முகவரி கிடைத்த நிம்மதியில் குளிர்ந்துபோயிற்று. அதுவரை வாயே திறக்காதவர்கள் எல்லாம், எங்க வீட்டுக்கும் லேசாக வருதுங்க, அவங்க வீட்டிலிருந்துதான் என்று பேசத் தொடங்கினார்கள். கோமளவல்லி வீட்டுப் பாத்திர மூடியெல்லாம் திறந்து பார்த்தார்கள். ஒரு முள்கூட அகப்படவில்லை. அகப்படாததே பெரிய அத்தாட்சி, எவ்வளவு கமுக்கமாகச் செய்கிறார்கள் பாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம், கோமளவல்லி குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்வது என்று பேச்சு, கூட்டம் எங்கே, வேறெங்கே, மெட்டில்டா வீட்டில்தான்.

அன்றைக்கு மத்தியானம் கோமளவல்லி மெட்டில்டாவின் சமையலறைக்கு வந்து, மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். குக்கருக்கு ஒரு சாண் தள்ளித்தான் நின்றாள்.

"அக்கா, நான் மீனைக் கையிலெ தொட்டதில்லீங்க. வாங்காத மீனுக்கு, வைக்காத கொழம்புக்கு, நாங்க எங்கீங்க போறது? மாமாவெ இப்பத்தான் பொழைக்க வெச்சிருக்கேன்."

மெட்டில்டா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சும்மா இருந்தால் போதும், வீடு நிலைக்கும். இன்னொரு வீடு தேடி மாடி மாடியாக ஏற அவள் முழங்காலுக்குச் சத்து இல்லை. தேடினாலும் இந்த ஊரில் அவளுக்குக் கதவைத் திறக்க ஆள் இல்லை. வாயைத் திறந்தால் பெட்டியைக் கட்டவேண்டும். கோமளவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம். அந்த வெட்கத்துக்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. முதலில் தன்மேல் வந்தது, பிறகு குக்கர்மேல், பிறகு கேள்வி கேட்ட அத்தனை வாசல்மேலும். நோன்புச் சோற்றைத் திருட்டுச் சோறாக வைக்கச் சொன்னது யார்? தன் வீட்டு ஜன்னலுக்குத் தன் புடவையையே திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, இது என்ன பிழைப்பு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கூடம் நிறைந்தது. பாய் விரித்துப் பெண்கள், சுவரோரம் ஆண்கள், நடுநாயகமாக நாற்காலியில் தண்டபாணி. வாசலோரம் கோமளவல்லி தலையைக் குனிந்திருந்தாள், அவள் பக்கத்தில் சென்னியப்பன் இதெல்லாம் யார் வீட்டுக் கல்யாணம் என்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டபாணி பேசினார். நமக்கென்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, ஒரு வீட்டால் எத்தனை வீட்டுக்குத் தொந்தரவு என்று நீட்டி முழக்கி, மாசக் கடைசிக்குள் அவர்கள் காலி செய்யவேண்டும் என்றும், இந்தத் தீர்மானத்தை நம்மிலே சுத்தமான வீட்டுக்காரியான மெட்டில்டா அம்மிணி தன் வாயால் வழிமொழிய வேண்டும் என்றும் முடித்தார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

மெட்டில்டா எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். இடுக்கில் திணித்திருந்த புடவையைப் பிடித்து இழுத்து எறிந்துவிட்டு ஜன்னலை இரண்டு கையாலும் படாரென்று திறந்தாள். கூடத்து ஜன்னலைத் திறந்தாள். வாசல் கதவையும் அகலத் திறந்து வைத்தாள். பிறகு குக்கரைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, தண்டபாணியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"கோமளம் வீட்டுல ஒண்ணும் இல்ல. மீன் வச்சது நான். இது என் வீட்டு மீன்" என்றாள்.

சொல்லி முடிக்கவும் வெயிட் தானாகக் கழன்று தரையில் உருண்டது. ஆவி சீறவில்லை, நெடுநாளாகத் தலையில் சுமந்ததை இறக்கி வைத்த ஆள் விடுகிற பெருமூச்சு மாதிரி மெல்ல வெளியே வந்தது. அதே நேரம் மேல்மாடியிலிருந்தும் கீழ்மாடியிலிருந்தும் வாசனை புறப்பட்டது. பூஜை அறையிலிருந்தும் தயிர்ச் சட்டியிலிருந்தும் பட்டுப்புடவை மடிப்பிலிருந்தும் கணக்குப் புத்தகத்திலிருந்தும் கிளம்பி, படி வழியாக, ஜன்னல் வழியாக, பொழுதடைந்து மாடுகள் தொழுவுக்குத் திரும்புகிற மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசனை தன்னைத் தாண்டிப் போவதை அடையாளம் கண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உங்க வீட்டிலுமா என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

மெட்டில்டா மூடியைத் திறந்தாள். குழம்பின்மேல் எண்ணெய் மிதந்து நின்றது. மீன் கரையவில்லை. அவள் கிடத்தின இடத்தில் கிடத்தின மாதிரியே முழுசு முழுசாக, தோல்கூடக் கிழியாமல், இப்போதுதான் வெந்தது போலக் கிடந்தது. உருளைக்கிழங்கு ஓரம் உடைந்து மாவாகிச் சாற்றைக் குடித்திருந்தது. மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டு மீனும் ரெண்டு கிழங்கும் எடுத்து வைத்து, சாற்றை ஊற்றி, சிலுவை போட்டாள். இத்தனை பேர் பார்க்கப் பிசைந்து முதல் வாயை வைத்தாள். வைத்தவுடன் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத் துடைக்கவில்லை, கை வேலையாக இருந்தது.

தண்டபாணிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை, அதே நாற்காலிச் சாய்வில், ஆனால் குரல் மட்டும் பிசிறக் கேட்டார்.

"நீங்க மீன் சாப்புடுவீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் மெட்டில்டா.

தண்டபாணி எழுந்துவிட்டார். அப்படியென்றால் காலி பண்ண வேண்டியது நீங்கதான் என்றார். அவள் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"பண்ண மாட்டேன். கோமளமும் பண்ண மாட்டா. உங்க வீட்டுக்குள்ள மூச்சு விட முடியாம இத்தன நாளும் நீங்க எல்லாரும் வந்து மூச்சு விட்டது மீன் வச்ச வீட்டுல. பொங்கல் வச்சது இந்த மீனுக்குப் பக்கத்துல. எனக்கு இன்னைக்கு நோன்பு, நான் சாப்பிடணும். உக்காருறதுன்னா உக்காருங்க, போறதுன்னா போங்க."

யாரும் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. அப்போது வாசலோரத்திலிருந்து தடி சத்தம் கேட்டது. சென்னியப்பன் பாயையும் ஆட்களையும் தாண்டி வந்து, தண்டபாணி விட்டெழுந்த நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு, மெட்டில்டாவுக்கு எதிரே கஷ்டப்பட்டுத் தரையில் அமர்ந்தார். கோமளவல்லி ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தாள், அவளே குனிந்து அவர் முன்னால் வைத்தாள். மெட்டில்டா ஒரு துண்டை எடுத்து வைத்து, முள் பார்த்துச் சாப்பிடுங்க ஐயா என்றாள். எனக்கேவா சொல்லிக் குடுக்கறே என்று கிழவர் சிரித்துவிட்டுச் சாற்றில் விரலை விட்டார்.

அதற்கப்புறம் வீட்டுக்காரர் போன் போட்டுக் கத்தினார். நேரில் வாங்க, குழம்பு இருக்கு என்றாள் மெட்டில்டா. தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். கோமளவல்லி வீட்டிலிருந்து குடம் குடமாக வந்தது. யாரும் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். முதல் ஆளாகச் சுலோசனாவே மறந்துபோய்ப் படியில் நின்று பேசிவிட்டாள். வீடுகளில் இப்போது ஒரு வாசனையும் இல்லை. எலுமிச்சம்பழம் வேண்டியதில்லை, சாம்பிராணி வேண்டியதில்லை, கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளைகள் கீரையைத் தட்டோரம் ஒதுக்கினார்கள். சாம்பார் மிச்சம் விழுந்தது. தண்டபாணி ரெண்டு இட்லியோடு கையைக் கழுவினார். சப்பென்று இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிற ஆட்களா அவர்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை மெட்டில்டா மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது பையின்மேல் கீரை இல்லை. புதுசாக வாங்கின மண்சட்டி ஒன்று கையில் இருந்தது. தண்டபாணி படியில் நின்றிருந்தார், வணக்கம் சொன்னாள், அவர் பையைப் பார்த்துவிட்டு வழி விட்டார். குக்கரில் பருப்பைப் போட்டாள், அது ஒழுங்காக மூன்று விசில் அடித்து அடங்கியது. சட்டியை அடுப்பில் வைப்பதற்கு முன்னால் சமையலறை ஜன்னலை அகலத் திறந்தாள். திறந்த சத்தம் அடங்கவில்லை, மேல்வீட்டில் ஒரு ஜன்னல் கொக்கி கழலுகிற சத்தம் கேட்டது. பிறகு அதற்கும் மேல்வீட்டில். பிறகு கீழே, தண்டபாணி வீட்டுப் பக்கம், துருப்பிடித்த ஒரு கதவு கிறீச்சென்று மெல்ல மெல்லத் திறந்தது. பிறகு கட்டடம் முழுக்கக் காத்திருந்தது.

மெட்டில்டா அவசரப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் உருளைக்கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தாள்.